பாண்டீஸ்வரி இறந்த தேதி

மனு எழுதணும்யா. இங்கன உக்காந்துக்கிறட்டுமா? கூட்டம் கொறையட்டும்னுதான் இம்புட்டு நேரமா அந்த ஜெராக்ஸ் கடை ஓரமா நின்னேன். நாலு பேரு காதுல விழற மாதிரி சொல்ற சங்கதி இல்ல.

பேரு பாண்டீஸ்வரி. வீட்டுக்காரர் பேரு சோலைராசு. ஊரு ஒட்டுப்பாறை. எழுதிக்கிட்டீங்களா? குறை என்னன்னா, நான் செத்துப்போயிட்டேன்யா.

சிரிக்கிறீங்க. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்யறாங்க. கொரோனாவுல ஆளைக் கொறைச்ச மில்லு, இப்ப போன தையிலதான் பழைய ஆளுகளைத் திரும்பக் கூப்பிட்டாங்க. நானும் ஓடுனேன். பதினோரு வருசம் நூல் சுத்துன மில்லு அது. ஆபீசுல கம்ப்யூட்டர்ல என் ஆதார் நம்பரைப் போட்ட பொண்ணு, ‘அக்கா, நீங்க இறந்துட்டதா வருது’ங்குது. மேனேசரு எட்டிப் பாத்துச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் அவர் சிரிப்பை நிப்பாட்டிட்டு, ‘நாங்க என்னம்மா செய்யறது, செத்தவங்களை வேலைக்கு எடுக்க முடியாது. உயிரோட இருக்கேன்னு ஒரு கடுதாசி வாங்கிட்டு வா’ன்னுட்டாரு. அதுக்குத்தான் அலையறேன். வி.ஏ.ஓ.கிட்டப் போனேன், தாலுகா ஆபீசு போனேன். ‘இறப்புச் சான்றிதழ் சரியாத்தானே இருக்கு, தேதி இருக்கு, ஆஸ்பத்திரி சீல் இருக்கு, எரிச்ச ரசீது இருக்கு’ங்கறாங்க. நான் எதுக்க நிக்கிறேன். என்னைப் பாக்க மாட்டேங்கறாங்க, பேப்பரைத்தான் பாக்கறாங்க.

அது எப்படி அப்படி ஆச்சுன்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். உங்களுக்கு மட்டும் சொல்றேன். மனுவுல எழுதறதுக்கு இல்ல, உங்களுக்கு வெளங்கறதுக்கு.

யோகராணின்னு ஒருத்தி. சிலோன்காரி. எங்க ஊருல இருந்து ரெண்டு மைல்ல கேம்ப்பு இருக்குதுங்க, சண்டைக்குப் பயந்து போட்டுல வந்தவங்க இருக்கற கேம்ப்பு. சின்னப்புள்ளையா வந்தவ, அங்கயே வளந்து, அங்கயே கலியாணமும் முடிச்சா. எம் பக்கத்து மிஷின்ல நின்னா. ஆறு வருசம். மில்லுச் சத்தத்துல வாயால பேச முடியாது பாத்துக்கங்க, சாடையிலதான் பேசுவோம். டீக்கு வெளிய வந்தா அவ பேசறது மொத ஆறு மாசம் எனக்குப் பாதி புரியாது. ‘கதைக்கிறது’ம்பா. நான் கதை சொல்லப் போறான்னு உக்காந்துருவேன். தேங்காயையும் மிளகாயையும் ஒண்ணா இடிச்சுச் சம்பல்னு கொண்டு வருவா, ஒரு கவளம் வச்சா கண்ணுல தண்ணி வரும். நான் கம்பஞ்சோறு குடுப்பேன். என்னைய விட ரெண்டு வயசு சின்னவ, வாய் நிறைய அக்கா, அக்கான்னுதான் கூப்பிடுவா.

ஊருக்குள்ள கேம்ப்பு ஆளுகளைப் பத்தி ஒரு பேச்சு உண்டுங்க. அவங்க வந்துதான் நம்ம வேலை போச்சுன்னு. மில்லுல எங்கள மாதிரி உள்ளூர்க்காரிக சம்பளம் கூடக் கேப்போம், சங்கம்போம். கேம்ப்காரிக வாய் திறக்க மாட்டாளுக. அதனால அவளுகளையே எடுக்கறாங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. அவர் மில்லு வேன்தான் ஓட்டுனாரு. கேம்ப்புக்குப் போயி அவளுகளை ஏத்திட்டு வர்றதும் அவர்தான். ஏத்திக்கிட்டே வைவாரு.

அப்புறம் கொரோனா வந்துச்சா. மில்லைப் பூட்டிட்டாங்க. வேன் நின்னு போச்சு. எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலை போச்சுய்யா. ரெண்டு பயலுக வேற. ரேஷன் அரிசியும் புளித்தண்ணியுமா ரெண்டு மாசம். ஊரே அப்படித்தான் கெடந்துச்சு. கேம்ப்புல ஆம்பளைங்க பூரா பெயின்ட் அடிக்கப் போறவங்க, மெட்ராசு, கோயமுத்தூருன்னு வெளியூருல இருந்து திரும்பி வந்தாங்க. நோயோட வந்துட்டாங்கன்னு ஒரு புரளி. ஊரு ஆளுக சேந்து கேம்ப்புப் பாதையில முள்ளை வெட்டிப் போட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் போனாரு. அருவாள் எங்க வீட்டு அருவாள்தான். நான் என்னங்க செய்ய முடியும்? பயம் எல்லாருக்கும் இருந்துச்சுல்ல? அவங்களுக்கு மட்டுமா கெட்டது நெனச்சோம், எங்க தெருவுக்கே நாங்க மூங்கில் கட்டித்தான் வச்சிருந்தோம்.

யோகா போன் போடுவா. அவ புருசன் குலசிங்கம் ரெண்டு வருசத்துக்கு முன்னாடி சாரத்துல இருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சவரு. எந்திரிச்சு நிக்க மாட்டாரு. ஒரே மக, நிரோஜான்னு, அப்ப பதினேழு வயசு, பிளஸ் டூ முடிச்ச புள்ள. இவ சம்பளம் ஒண்ணுலதான் அடுப்பு எரியணும். ‘அக்கா, மில் திறக்கிறதெண்டா எனக்கு முதல் சொல்லுங்கோ’ம்பா. ‘எந்த வேலை எண்டாலும் பரவாயில்லை’ம்பா. அவளாத்தான் கேட்டா. இதை நல்லா மனசுல வச்சுக்கங்க. எந்த வேலைன்னாலும்னு அவளாத்தான் கேட்டா.

ஆனி மாசம் எனக்கு ஒரு போன் வந்துச்சு. பெரியாஸ்பத்திரியில கொரோனா வார்டுக்குக் கூட்டிப் பெருக்கறதுக்கு ஆளு வேணும்னு ஒரு காண்ட்ராக்டரு. மில்லு லிஸ்டுல இருந்து என் நம்பரை வாங்கியிருக்காரு. மூணு மாசத்துக்கு வேலை, அங்கயே ஒரு கலியாண மண்டபத்துல தங்கிக்கணும், சாப்பாடு அவங்களே. ஆதாரைக் கொண்டாந்தாப் போதும், நாளைக்கே வான்னாரு. ‘கேம்ப்பு ஆளுக வேணாம்மா, லோக்கலாத்தான் வேணும், கேம்ப்பை அடைச்சு வச்சிருக்காங்க, நமக்கு வம்பு’ன்னும் சொன்னாரு.

எனக்குப் போகப் பயம். டீவியில பாக்கறோமே, சாக்குல சுத்துன மாதிரி சுத்திக் குழியில தள்ளறதை. எங்க வீட்டுக்காரரு, ‘ரெண்டு புள்ளை இருக்கு, நீ போகக் கூடாது’ன்னாரு. நல்லதுதானே சொன்னாரு? பொண்டாட்டி மேல பாசம். நாளைக்கு ஒரு பதில் சொல்றேன்னு காண்ட்ராக்டருகிட்டச் சொல்லிட்டுப் படுத்தேன். வேலைய விடவும் மனசில்ல. சம்பளம் மில்லை விடக் கூட. அப்பத்தான் யோகா ஞாபகம் வந்துச்சு. போன் போட்டேன்.

ஆமாய்யா, நாந்தான் போட்டேன். ஆனா அவ முன்னாடியே கேட்டிருந்தாள்ல?

ரெண்டு பேரும் ஒரே உசரம், ஒரே நிறம். ஆதார்ல இருக்கற என் படத்தை நானே அடையாளம் சொல்ல மாட்டேன், அப்படி இருக்கும். எல்லாரும் மாஸ்க்கு, தலையில தொப்பி, வெள்ளை உடுப்பு. யாரு என்ன பாக்கப் போறா? ‘என் பேருல நீ போ யோகா. சம்பளம் என் அக்கவுண்ட்டுல விழும், எடுத்துக் குடுத்துடறேன்’ன்னேன். அவ, ‘பேர் மாத்திச் சொன்னால் பிடிபடுவேனோ அக்கா?’ன்னா. ‘யாரு கேக்கப் போறா, நான் இருக்கேன்ல’ன்னேன். ‘சரி அக்கா. கடவுள்தான் உங்களை அனுப்பினவர்’ன்னா. அப்படித்தான் சொன்னா. இன்னைக்கும் காதுல இருக்கு.

மறுநா மத்தியானம், வெயில் கொளுத்தறப்ப ஓடை வழியா வந்துட்டா. ஒரு கட்டைப்பை. எங்க போறான்னு மகளுக்கு மட்டுந்தான் தெரியும், புருசன்கிட்ட எங்கயோ வெளியூரு மில்லு வேலைன்னுட்டு வந்தாளாம். நான் ஓடைக்கரையில நின்னு ஆதாரைக் குடுத்தேன். தூரமாத்தான் நின்னோம். பாறை மேல வச்சிட்டுத் தள்ளி வந்தேன், அவ வந்து எடுத்துக்கிட்டா. அந்த நேரம் அப்படி. அதுல இருந்த என் படத்தைப் பாத்துட்டு, ‘அக்கா, இதில நீங்கள் என்னைவிட வடிவா இருக்கிறியள்’னு சிரிச்சா. அவங்க பாசையில வடிவுன்னா அழகு.

மொத மாசம் நல்லாத்தான் போச்சு. தினமும் பொழுது சாய ஒரு போன் வரும். வார்டுல ‘பாண்டீஸ்வரி, பாண்டீஸ்வரி’ன்னு கூப்பிட்டா இவ திரும்பறதே இல்லையாம். ‘உங்கட பேர் எனக்குக் காதில ஏறுதில்லை அக்கா. எனக்குக் காது கேளாது எண்டு நர்ஸ்மார் நினைச்சிட்டாங்கள். இப்ப கையால தட்டித்தான் கூப்பிடுறாங்கள்’னு சொல்லிச் சிரிப்பா. ஒரு கெழவனாரு தண்ணி கேட்டு அழுதாராம், யாரும் கிட்டப் போகல, இவ போயிக் குடுத்தாளாம். அவர் இவ கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘நீ எந்த ஊரு தாயி, உன் பேச்சு வேற மாதிரி இருக்கே’ன்னாராம். இவ பயந்துபோயி அதுக்கப்புறம் வாயே திறக்கறது இல்லையாம். நான்கூட வஞ்சேன், ‘வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு, நீ பேசுனா மாட்டிக்குவ’ன்னு. பாவம், அந்த வார்டுல ரெண்டு மாசம் ஊமையாட்டந்தான் இருந்திருக்கா. எங்கிட்டப் போன்ல பேசறது ஒண்ணுதான் அவளுக்குப் பேச்சு. எனக்கு அது அப்பத் தெரியல. நான் அடுப்புல சோறு கெடக்குன்னு பாதியில வச்சிட்ட நாளும் உண்டு.

ஒரு தடவை லீவு குடுத்தாங்கன்னு ஊருக்கு வந்தா. கேம்ப்புக்குள்ள போக முடியாது, எங்க வீட்டு வாசலுக்கு வந்தா. வீட்டுக்காரரு உள்ள விட வேணாம்னுட்டாரு. நான் இலையில சோறு போட்டு காம்பவுண்டு சுவத்து மேல வச்சேன். அவ ரோட்டுல நின்னுக்கிட்டே சாப்பிட்டா. ‘உள்ள வான்னு சொல்ல முடியலடி, தப்பா நெனச்சுக்காத’ன்னேன். ‘அதில என்ன அக்கா, பிள்ளையள் இருக்கிற வீடு’ன்னா. அப்படி மனசு அவளுக்கு. சாப்பிட்டு முடிச்சு இலையை அவளே எடுத்துட்டுப் போயித் தூரமாப் போட்டா. சம்பளம் எடுத்துக் குடுத்தேன். நானும் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். பேரு என்னுதில்லையா? அவ எண்ணிக்கூடப் பாக்கல.

ஆடி கடைசியில ஒரு நாளு போன் போட்டா. ‘அக்கா, எனக்கு மணம் தெரியேல்ல. பினாயிலை மூக்கில வச்சுப் பாத்தன், ஒண்டும் தெரியேல்ல’ன்னா. ரெண்டாம் நாளு, அவ கூட்டுன அதே வார்டுல அவளையே படுக்க வச்சுட்டாங்க. சீட்டுல என் பேரு. பாண்டீஸ்வரி, கணவர் பேரு சோலைராசு, ஒட்டுப்பாறை.

அங்க இருந்து மூணு தடவை பேசுனா. மொத தடவை நல்லாத்தான் பேசுனா. ரெண்டாந்தடவை மூச்சு வாங்குச்சு. அப்பத்தான் கேட்டா. ‘அக்கா, இவங்களிட்ட என்ர பேரைச் சொல்லிவிடட்டே? ஏதும் நடந்தா என்ர பிள்ளைக்குத் தெரியவேணுமெல்லோ’ன்னா. நான், ‘கிறுக்கு மாதிரிப் பேசாத. இப்பப் போயிச் சொன்னா ரெண்டு பேரு மேலயும் கேசு போடுவாங்க. உன்னைக் கேம்ப்பை விட்டு ஓடி வந்தவன்னு பிடிப்பாங்க. பத்து நாள்ல எந்திரிச்சு வந்துருவ, பேசாம படு’ன்னேன். தைரியம் சொல்லத்தான் சொன்னேன். ‘சரி அக்கா’ன்னா. எதுக்கும் சரி அக்காதான்.

மூணாந்தடவை அவ பேசல. இரைப்பு மட்டுந்தான் கேட்டுச்சு. நான் ‘யோகா, யோகா’ன்னு கத்துறேன். பக்கத்துல யாரோ ஒரு நர்சு, ‘யாரும்மா யோகா? இவங்க பாண்டீஸ்வரி. போனை வைங்க, பேசக் கூடாது’ன்னு வாங்கி வச்சிருச்சு.

அதுக்கு மறுநா காலையில பத்து மணி இருக்கும். தோசைக்கல்லுல எண்ணெய் தடவிக்கிட்டு இருக்கேன். போன். ‘பாண்டீஸ்வரி வீடுங்களா?’ ஆமான்னேன். ‘பாண்டீஸ்வரி இறந்துட்டாங்கம்மா, காலையில ஆறே காலுக்கு. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?’

யோசிச்சுப் பாருங்கய்யா. என் சாவை எங்கிட்டயே சொல்றாங்க. நான் என்ன வேணும் பாண்டீஸ்வரிக்கு? ‘அக்கா’ன்னேன். வேற என்ன சொல்றது? அவ என்னை அப்படித்தானே கூப்பிட்டா.

வீட்டுக்காரரு வர மாட்டேன்னுட்டாரு. ‘நான் வந்து பொண்டாட்டி செத்துட்டான்னு கையெழுத்துப் போட முடியுமா?’ன்னாரு. பாஸ் வாங்கி, ஒரு பால் வண்டியில ஏறி நான் மட்டும் போனேன். ஆஸ்பத்திரிப் பின்வாசல்ல ஒரு பையன் உடுப்பு மாட்டிக்கிட்டு நோட்டு வச்சிருக்கான். ஏழெட்டு பேரு முன்னாடி நிக்கிறாங்க, ஒருத்தர் அழறாரு. என் முறை வந்துச்சு. ‘பாடி வாங்கறவங்க பேரு?’ன்னான்.

பாண்டீஸ்வரின்னு சொல்ல முடியுமா? அது செத்தவ பேரு. வேற பேரு வாயில வரணும்ல. அந்தப் படபடப்புல யோகராணின்னு வந்துருச்சு. ‘எந்த ஊரு?’ன்னான். கேம்ப்புன்னுட்டேன். பேரு அவ பேரா வந்ததும் ஊரும் தானா அவ ஊரா வந்துருச்சு. யோகராணின்னு கையெழுத்தும் போட்டேன். வேணும்னா செஞ்சேன்? சத்தியமா இல்லய்யா. நீங்களே சொல்லுங்க, அந்த நேரத்துல யாருக்கு நெதானம் இருக்கும்?

மின்மயானத்துல இருபதடி தள்ளி நிக்கச் சொன்னாங்க. நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. மேல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு. நான் அஞ்சாப்பு படிச்சவ, எழுத்துக் கூட்டிப் படிச்சேன். என் பேரு. அப்படியே உள்ள தள்ளிட்டாங்க. அவளுக்கு ஒரு பிடி அரிசி போட யாரும் இல்ல. என் பேருக்கு அழறதா, அவளுக்கு அழறதான்னு தெரியாம நின்னேன். சாம்பலை அப்புறமா வாங்கிக்கங்கன்னாங்க. ஒரு மாசம் கழிச்சுப் போனேன். எல்லாத்தையும் ஒண்ணாக் கரைச்சாச்சுன்னாங்க.

நிரோஜாவுக்கு அன்னைக்கே போன்ல சொன்னேன். மறைக்கல. அந்தப் புள்ள கத்தல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு: ‘பெரியம்மா, எங்கட அம்மாவை அம்மாவின்ர பேரைச் சொல்லியே எரிச்சவங்கள்?’

நான் ஆமா, அவ பேரைச் சொல்லித்தான்னுட்டேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க?

மூணாம் நாளு சுகாதார ஆபீசுல இருந்து கேம்ப்புக்கு ஜீப்பு போயிருக்கு. பொணம் வாங்குனவங்களைத் தனியா அடைச்சு வைக்கணுமாம், அப்ப அது சட்டம். ‘யோகராணி யாரு, வெளிய வா’ன்னு கூப்பிட்டிருக்காங்க. வீட்டுல இல்ல. எங்க போனான்னு கேட்டா அந்தப் புள்ள என்ன சொல்லும்? செத்துப்போயிட்டான்னா, ‘மூணு நாளைக்கு முன்னாடி பொணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டவ எப்படிச் செத்தா’ம்பாங்க. நான் போன்ல காலைப் பிடிக்காத கொறையாக் கெஞ்சுனேன், ‘வாயைத் திறந்துறாத தாயி, உங்கம்மா பேரும் கெட்டுப்போகும், எனக்கு ரெண்டு பயலுக இருக்கானுக’ன்னு. அது வாயைத் திறக்கல. கேம்ப்பு நோட்டுல எழுதிட்டாங்க: யோகராணி, அனுமதி இல்லாம முகாமை விட்டுத் தப்பிச்சவர்னு.

குலசிங்கத்துக்குச் சொல்ல வேணாம்னு நாந்தான் சொன்னேன். அங்க வீடெல்லாம் வரிசையா ஒட்டி ஒட்டி இருக்கும், நடுவுல ஒத்தைச் செவரு. அந்த மனுசன் கத்தி அழுதா அடுத்த வீட்டுக்குக் கேக்கும், அப்படியே ஆபீசருக்குப் போயிரும். கொஞ்ச நாளு போகட்டும், ஆறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னேன். கொஞ்ச நாளுன்னா எம்புட்டு நாளுன்னு யாரு கண்டா? அவரைப் பாத்துச் சனம் ஒண்ணொண்ணு பேசியிருக்கு. இடுப்பு முறிஞ்ச புருசனை விட்டுட்டு எவங்கூடவோ போயிட்டான்னு. கட்டில்ல படுத்துக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாராம். ஒரு நாளு மககிட்ட, ‘உன்ர அம்மாவில பிழையில்லை. என்னை வச்சுக்கொண்டு அவள் எத்தினை நாளைக்குச் சீவிக்கிறது’ன்னு சொன்னாராம். அப்பவும் அது சொல்லல. எங்கிட்டக் குடுத்த வாக்குக்குச் சொல்லல. அடுத்த வருசம் மாசியில அவர் போயிட்டாரு. தெரியாமலேதான் போனாரு.

அந்த எழவுக்கு நான் போனேன்யா. முள்ளெல்லாம் எடுத்தாச்சு அப்ப. நிரோஜா என்னைப் பாத்துச்சு. ஒரு தம்ளர் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. என்னால அதைக் குடிக்க முடியல.

ஏன் இதெல்லாம் சொல்றேன்னா, நான் கெட்டவ இல்லன்னு உங்களுக்கு வெளங்கணும். என்னால முடிஞ்சதைச் செஞ்சேன். வேலை இல்லாதவளுக்கு வேலை குடுத்தேன். ஊரே முள்ளு வெட்டிப் போட்டப்ப என் பேரையே தூக்கிக் குடுத்தேன். யாரு குடுப்பா? இப்ப நாலு வருசமா வேலையில்லாமக் கெடக்கறது நான். களை வெட்டப் போறேன், கைரேகை வச்சா நூறு நாள் வேலையிலயும் பேரு இல்லங்கறாங்க. வீட்டுக்காரருக்கு வேனும் திரும்பக் கெடைக்கல. பெரியவன் காலேசுக்கு நிக்கிறான். எனக்கு அந்த மில்லு வேலை வேணும்யா.

நிரோஜாவா? அது இப்பத் துணிக்கடையில நிக்குது. இருபத்தொண்ணு ஆகுது. போன வாரம் வீட்டுக்கு வந்துச்சு, நான் மனு குடுக்கப் போறேன்னு யாரோ சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன். காப்பி குடுத்தேன். அது சொல்லுச்சு, ‘பெரியம்மா, நீங்கள் உயிரோட இருக்கிறியள் எண்டு எழுதேக்க, அம்மா செத்திட்டா எண்டும் எழுதுங்கோ. நாலு வருசமா அம்மாவுக்கு ஒரு திவசம் குடுக்கேலாம இருக்கிறன். ஓடிப்போனவளுக்கு ஆர் திவசம் குடுக்கிறது? எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அம்மான்ர பேரில ஒரு பேப்பர் வேணும்.’ வேற ஒண்ணும் கேக்கல. என்னை ஒரு வார்த்தை வையல. வஞ்சிருந்தாக்கூடத் தேவலாம்.

சரி தாயி, எல்லாத்தையும் எழுதிருவோம்னேன். அது முகத்தைப் பாத்து வேற எப்படிச் சொல்றது? இன்னைக்கு லீவு போட்டுட்டுக் கூடவே வந்திருக்கு. அங்க பாருங்க, தண்ணிக்குழாய்கிட்ட, நீலச் சுடிதாரு. இங்கயேதான் பாக்குது. பஸ்ஸுல வர்றப்ப ஒரு சீட்டு எழுதிக் குடுத்துச்சு. யோகராணி, பொறந்த தேதி, கேம்ப்பு நம்பரு, பொறந்த ஊரு மன்னார்னு, எல்லாம் அழகாக் குண்டு குண்டா எழுதியிருக்கு. இந்தா, என் கைக்குள்ளதான் இருக்கு. வேர்வையில கொஞ்சம் நனைஞ்சுபோச்சு.

இதை எழுத வேணாம்யா.

எழுதுனா கேசு. ஆள் மாறாட்டம்னு வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் சொல்லிட்டாரு, உள்ள தூக்கி வச்சுருவாங்கன்னு. அப்புறம் மில்லு வேலை எங்க? பயலுக எங்க? நீங்க இப்படி எழுதுங்க. ஆஸ்பத்திரியில பேரு தப்பா ஏறிடுச்சு, நான் பாண்டீஸ்வரி உயிரோட நல்லபடியா இருக்கேன், சான்றிதழை ரத்துப் பண்ணி வேலைக்குச் சேர உத்தரவு குடுக்கணும்னு எழுதுங்க. அம்புட்டுதான். அந்தப் புள்ளைகிட்ட எல்லாம் எழுதியாச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். அதுக்கு ஆபீசு பாசையெல்லாம் புரியாது.

என்ன கேக்கறீங்க? அப்ப அன்னைக்கு எரிச்சது யாரைன்னா? அதைக் கேப்பாங்களோ? கேட்டா... கேட்டா யாரையும் எரிக்கலன்னு எழுதுங்க. அன்னைக்கு அந்த வார்டுல யாரும் சாகலன்னு எழுதிருங்க.

ஏன்யா பேனாவைக் கீழ வச்சிட்டீங்க? எழுதுங்கய்யா. அந்தப் புள்ள பாத்துக்கிட்டு இருக்கு.